ஓரத்தில் ஒரு தீற்றல்

காக்களூரில் என் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, நான் குடிவருமுன்பே இறந்துபோன தன் கணவரை வரைந்து தரச் சொன்னார். அவர் நினைவுநாளில் வீட்டில் நடக்கும் வருஷ ஜெபத்துக்கு மாட்ட வேண்டுமாம். உருவத்தைப் பாதி காட்டி மீதியை வண்ணத்தில் கரைப்பதுதான் என் பாணி. ஆனால் அக்கா தந்த போட்டோவைப் பார்த்து எப்படி வரைந்தாலும் அந்த முகம் போட்டோவாகவே விறைத்து நின்றது. எரிச்சலில் முகம் முழுவதையும் சுரண்டிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஓரத்தில் இருந்த பழுப்புத் தீற்றலையே பார்த்தார்.

"ஷிப்ட் முடிச்சு வந்தா இப்டித்தான் தம்பி சாஞ்சிக்கினு குந்துவாரு. உனுக்கு எப்டி தெரியும்?"

அது நான் பிரஷ்ஷைத் துடைத்த இடம்.

"இதுக்குமேல கைய வெக்காத" என்று படத்தை எடுத்துப் போய்விட்டார்.

ஜெபத்தன்று அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அங்கே ஒருவர் சாய்ந்திருப்பது தெரிந்தது. அவரை வரைந்தது யார் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.