இருபத்தோராவது வயர்

எங்கள் இ.இ.ஜி. அறையில், மூளையின் மின்னலைகளைப் பதிய நோயாளியின் தலையில் வயர் ஒட்டுவதும் எடுப்பதும் அக்காவின் வேலை. அறிக்கை தட்டச்சு செய்வது என் வேலை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் ஆமை. நானும் சேர்ந்து சிரித்தவள்தான், பொய் சொல்வானேன்.

மற்றவர்கள் பத்து நிமிடத்தில் பிய்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அக்கா, பசை கரைக்கும் மருந்தில் நனைத்த பஞ்சை ஒவ்வொரு வயர் நுனியிலும் வைத்து, அது தானாக இளகும்வரை காத்திருப்பாள். கண்ணில் சொட்டாமல் துணி மடித்துப் போடுவாள். "இழுத்தா பசையோட தோலும் சேர்ந்து வரும்" என்பாள். கடைசியில் தட்டில் இருபத்தொன்றையும் எண்ணுவாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தலையிலும் கீறல் விழுந்ததில்லை. மேலதிகாரிக்கோ கண்ணெல்லாம் கடிகாரத்தில். "இன்னொரு தடவை இருபது நிமிஷத்தைத் தாண்டினா ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க" என்று போன மாதம் கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த அறையை விட்டால் அக்காவுக்கு வேறு நாதியில்லை. கணவர் போய் ஆறு வருடம். கூடப்பிறந்த ஒரே தங்கை கடல் தாண்டி இருக்கிறாள். "வீட்ல ரேடியோவைப் போட்டு, அதோட சண்டை போடுவேன்" என்று ஒருமுறை சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று வந்தவர் வயதான தையல்காரர். ஐந்து நாள் வார்டில் வயரோடு கிடந்தவரைப் பார்க்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

"வலிக்குதா ஐயா?"

"இல்லம்மா. ஊர்ல எல்லாரோட கழுத்தையும் தோளையும் நான் அளந்தேன். என் தலையை ஒருத்தர் தொட்டு எத்தனை வருஷமாச்சோ."

அக்கா அடுத்த பஞ்சை நனைத்தாள். பதினெட்டாவது நிமிடத்தில் தலையில் வயரே இல்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவள் தட்டில் எண்ணினாள். இருபது. மறுபடியும் இருபது.

"இன்னும் ஒண்ணு முடிக்குள்ளதான் இருக்கும். நல்லா தேடிப் பாருங்கம்மா" என்றார் அவர்.

போர்வையின் ஓரத்தில் அவர் கை இறுக மூடியிருந்தது. விரலிடுக்கில் சிவப்பு வயர். நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். வாயைத் திறக்கப்போன என்னைக் கண்ணாலேயே அடக்கினாள்.

கையைத் திறங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வேலை தப்பித்துவிடும்.

அவளோ சீப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தாள். "ஆமாங்கய்யா, ஒண்ணு குறையுது. முதல்லேருந்து தேடுவோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம் வந்தது.

நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. பதிவேட்டில் காரணம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"ஒரு வயர் மாட்டிக்கிச்சுன்னு எழுது."

இப்போது அவள் ஃபைல் ரூமில் இருக்கிறாள். அங்கே தொடுவதற்குக் காகிதம்தான். மதியம் நான் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன். நேற்று, "அக்கா, என் தலையில ஏதோ ஒட்டியிருக்கு, பாரேன்" என்றேன்.

ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. கால்மணி நேரம் தேடினாள்.