தாளின் மறுபக்கம்

மலேசியாவில், கூலாயில் நான் ஆபீஸ் கிளார்க்காக வேலை பார்த்த தொழிற்சாலையில் கேண்டீனுக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே சாப்பிடுகிறவர்கள் படிக்கும்படி அதில்தான் ஷிப்ட் பட்டியலை ஒட்டுவோம். அன்று காலை கதவுக்கு வெளியே நின்றவர்கள் கண்ணாடி வழியாகப் பட்டியலின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய தாளை பிரிண்டரில் போடச் சொன்னவர் எங்கள் மேனேஜர். “ஒரு பக்கம்தானே அடிச்சிருக்கு? திருப்பிப் போடுங்கலா. புதுசு எதுக்கு?” என்பார். ஒருமுறை சூடுபட்டு வெளியே வந்த தாள் சுருண்டுகொள்ளும். மழைக்காலத்தில் ஈரம் வாங்கி இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். எடுக்க மறந்த ஸ்டேப்ளர் கம்பி வேறு. புதுத் தாள் என்றால் ஒருமுறை விசிறி, விளிம்பைத் தட்டிச் சமன்செய்து ட்ரேயில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இந்தக் குப்பையோடு நாள் முழுதும் மல்லுக்கட்டி, சிக்கிய துண்டுகளை விரலால் நோண்டி எடுத்தே எனக்கு வெறுத்துப்போனது. கட்டின் மேல்தாளை மட்டும் பார்த்துவிட்டு அப்படியே திணிக்கத் தொடங்கியிருந்தேன்.

கண்ணாடியில் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கடிதம். எங்கள் லைன் லீடர் அக்காவுக்கு மூன்றாவது முறையாகக் கரு கலைந்திருந்தது. நின்று செய்யும் வேலை தரவேண்டாம் என்று டாக்டர் எழுதிய கடிதத்தை ஆபீசில் மட்டும் கொடுத்திருந்தார். நான் நகல் எடுத்தபோது ஒரு பிரதி கோணலாக விழுந்தது. அதைப் பழைய தாள் பெட்டியில் போட்டவளும் நான்தான்.

நான் ஓடிப்போய்க் கிழித்து எடுப்பதற்குள் அக்கா வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

“எத்தன பேரு படிச்சாங்கமா?”

“தெரியலக்கா.”

“வீட்டுல மாமியாருக்கே நான் இன்னும் சொல்லல. அவங்க தங்கச்சி மவ இங்கதான் பேக்கிங்ல இருக்கா.”

நான் நேரே மேனேஜரிடம் போய்க் கத்தினேன். பழைய தாள் வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னேன் என்று கேட்டேன். “ஐயோ, அலமாக், நீங்கதானே பாத்துப் போட்டிருக்கணும்?” என்றார். அது உண்மையாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. மறுநாளே புதுத் தாள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அக்கா அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போனார்.

இப்போது ஜொகூர் பாருவில் வேறு ஆபீஸ். கட்டைப் பிரித்ததும் வெற்றுத் தாள்களைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் ட்ரேயில் வைக்கிறேன். “புது பேப்பர்ல என்னக்கா தேடுறீங்க?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். எரிச்சலாக இருக்கும்.

போன மாதம் கூலாய் சூப்பர் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் நின்று, “நல்லா இருக்கியாமா?” என்று விசாரித்தார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் மேனேஜரைச் சொல்லித் தப்பித்திருப்பேன். அதற்கும் அவர் இடம் தரவில்லை.