பந்து எழும்பாத திடலும் இரண்டு தேங்காய்களும்

இன்று காலை டத்தோ கிராமாட் திடலில் இருந்தவர்கள்: நான், என் கணவர், அவருடைய கால்பந்துக்குழு, எதிர்க்குழு, நடுவராக வந்த ஒரு தங்கச்சி. எல்லாருக்கும் மேலே பிள்ளையார்.

வழக்கமான கோல்கீப்பர் நிபோங் திபாலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அதனால் வருடம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவருக்கு இன்றுதான் வாய்ப்பு. விடியும்போதே மழை கொட்டியது. "மழை நின்றால் ஒரு தேங்காய் உடைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

நின்றது.

நடுவர் திடல் முழுக்க நடந்தார். கோல் வாசலில் குதிகாலால் அழுத்திப் பார்த்தார். பந்தை இடுப்பு உயரத்திலிருந்து விட்டார். எழும்பவே இல்லை, சாம்பாரில் ஊறிய வடை மாதிரி கிடந்தது.

"விளையாட முடியாதுண்ணே. அடுத்த வாரம் வச்சிக்கலாம்."

"மழைதான் விட்டுருச்சே தங்கச்சி?" என்றேன் நான்.

"மழை விட்டா போதுமாக்கா? தண்ணி வத்தணும் லா. வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?"

அடுத்த வாரம் அந்தக் கோல்கீப்பர் திரும்பிவிடுவார். இவருக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இவரோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். வாசல் கடையில் நான் வாய் திறக்கும் முன்பே இவர் ஒரு தேங்காய் வாங்கினார்.

"எதுக்குங்க?"

"ஆட்டம் நடக்கக் கூடாதுன்னு வேண்டியிருந்தேன் லா. எதிர்க்குழு ஆளுங்க பந்தை அடிக்கிற அடிய நீ பாத்ததில்ல."

நான் மழை நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். ஆட்டத்தைக் கேட்க மறந்துவிட்டேன். பிள்ளையார் இருவருக்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டார்.

இப்போது என் தேங்காயை உடைக்க வேண்டுமா, வேண்டாமா? நாளைக் காலை பூஜைக்கு முன் பதில் சொல்லுங்கள்.