அம்மா முகர்ந்து பார்த்த தண்ணீர்

எங்கள் அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அவரைப் பற்றி முதலில் என்ன நினைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும்: "அவ லேசில ஆரையும் நம்பமாட்டா." உண்மைதான். அதை மறைத்து எழுதினால் இது வேறு யாருடையதோ நினைவு மலராகிவிடும்.

அம்மா பிறந்ததும் வாழ்ந்ததும், ஆறு வந்து வாவியில் சேரும் இந்தச் சிறு நகரத்தில்தான். மட்டக்களப்பு நகரம் பஸ்ஸில் அரை மணித்தியாலம். காலையில் பாதி ஊர் அங்கே வேலைக்குப் போகும், பொழுதுபட்டால் திரும்பும். சித்தாண்டியில் பிறந்து, அம்மாவைக் கைப்பிடித்து இங்கே வந்த அப்பா, நானும் தங்கையும் சிறுமிகளாக இருக்கும்போதே நோயில் காலமானார். பஸ் தரிப்பிடத்தருகே இடியப்பக் கடை வைத்து அம்மா எங்களை வளர்த்தார். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கமாட்டார். எனக்குத் தேற்றாத்தீவில் மாப்பிள்ளை பேசியபோது, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், அடுத்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தபடியே விசாரித்துவிட்டு வந்தார்.

"பொடியன் பரவாயில்ல. தாய்க்காரிதான் கொஞ்சம் கூடச் சிரிக்கிறா," என்றார். என் மாமியார் இதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அம்மா சந்தேகிக்காத ஒரே மனிதர், அவருடைய ஒரே தம்பியான எங்கள் மாமா. அப்பா இறந்த பின் கடைக்கு விறகு கொத்திப் போட்டவரும், எங்களைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவரும் அவர்தான்.

சில வருடங்களுக்கு முன், நகரத்து ஆட்கள் இங்கே ஆற்றங்கரையில் வீடு கட்டக் காணி தேடத் தொடங்கினார்கள். அந்த நாட்களில்தான் என் மகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வந்தது. அம்மா கிணற்றில் ஒரு வாளி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"இது நம்மட கிணத்துத் தண்ணி இல்ல புள்ள. ஆரோ என்னவோ செய்றாங்க."

வயது போனால் இப்படித்தான் என்று நாங்கள் எண்ணினோம். அவர் எங்களோடு வாதாடவில்லை. பிள்ளைக்குக் கோயில் குழாயில் தண்ணீர் பிடித்துவரச் சொல்லிவிட்டு, விடியற்காலையில் குடையும் கதிரையுமாக ஒழுங்கை முகப்பில் போய் அமர்ந்தார். போகிற வருகிற எல்லாரையும் பார்த்தார். படங்கு போட்டு மூடிய உழவு இயந்திரப் பெட்டிகள் ஆற்றுப்பக்கம் போவதையும் பார்த்தார். ஒரு நாள் நடுவழியில் நின்று ஒன்றை மறித்துவிட்டார். நானும் ஓடிப் போனேன்.

"என்ன மனே ஏத்தி வாறாய்?"

"கிறவல் மண் அம்மா."

"கிறவலுக்கு ஏன் ஈ மொய்க்குது?"

படங்கை அவரே இழுத்தார். உள்ளே நகரத்து ஹோட்டல்களின் அழுகிய சோறும் கோழிக் கழிவும். சாரதி தலையைக் குனிந்துகொண்டார். "காணிக்காரர்தான் பள்ளத்தில கொட்டச் சொன்னவர் அம்மா."

எங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில், ஆற்றோரமாக ஒரேயொரு பள்ளக்காணிதான் உண்டு. அது மாமாவுடையது.

அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே மாமாவிடம் நடந்தார். பள்ளத்தை நிரப்பி விற்கப்போவதாகவும், மேலே கிறவல் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் மாமா சொன்னார்.

"என்ட கிணறு பக்கத்தில இருக்கிறது தெரியாதா உனக்கு? புள்ள குடிக்கிற தண்ணிடா."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, நீங்க ஆரைத்தான் நம்பினீங்க, என்னை நம்ப?"

"உன்ன ஒருத்தனத்தான் நம்பினன்," என்றார் அம்மா.

அன்றே அம்மா, உடன்பிறந்த தம்பிக்கு எதிராகத் பிரதேச சபையில் தன் பெயரிலேயே முறைப்பாடு கொடுத்தார். சபை அதிகாரிகள் வந்து, கொட்டியதைத் தோண்டி அள்ள வைத்தார்கள். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம், மகளும் தேறினாள். ஆனால் மாமா எங்கள் வாசலை மிதிப்பதை விட்டார். சொந்தத்தில் பாதிப் பேர் அம்மாவைத்தான் குறை சொன்னார்கள். அம்மாவோ ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் முகர்ந்து பார்ப்பதை நிறுத்தவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தவர்களைக்கூட, என்ன செய்தி கொண்டுபோகப் போகிறார்களோ என்றுதான் பார்த்தார். நானும் அப்படிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

அம்மா நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில், ஒரு மத்தியானம் மாமா வந்தார். கையில் சீவிய இளநீர். கட்டிலருகே வந்து அதை நீட்டினார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, இளநீரைத்தான் பார்த்தார்.

"எந்த வளவில பறிச்ச?"

"உங்கட வளவில அக்கா. புள்ளயிட்டக் கேட்டுத்தான் பறிச்சன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையசைத்தேன். அப்போதும் அவர் கை நீட்டவில்லை.

"முதல்ல நீ குடி."

மாமா குடித்தார். குடிக்கும்போதே அழுதார். அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "கொண்டா," என்றார்.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அயலவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்தவர்களுக்கும், அன்று உண்மை சொன்ன அந்தச் சாரதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நன்றி எழுத எனக்கு இன்னும் முழு மனம் வரவில்லை. ஆனால் அந்த இளநீரில் மிச்சத்தை அம்மா கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஆகவே அவருக்கும் நன்றி.