புகை சேராத விஸ்கி

ஞாயிறு காலை எட்டு மணி. நெய்வேலி டவுன்ஷிப் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி ஏறினோம், நானும் அப்பாவும். நிலக்கரி சேமிக்கும் யார்டில் அப்பா இருபத்தாறு வருடம் கான்ட்ராக்ட் தொழிலாளி. அங்கே குவிந்துகிடக்கும் பழுப்பு நிலக்கரி சமயத்தில் தானாகவே கனிந்து புகையும். தண்ணீர்க் குழாயைப் பிடித்து அதை அணைப்பது அவர் வேலை. நான் எங்கள் வீட்டில் முதலில் படித்தவன். 2015இல், அதே இடத்தில் பர்மனென்ட் ஆனேன்.

பர்மனென்ட் ஆனவன் செக்‌ஷனுக்குப் பார்ட்டி வைப்பது எங்கள் வழக்கம். ஆர்டர் வந்த அன்றே சீனியர் கோபாலன் சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "ஸ்காட்ச் வாங்குப்பா. வாயில வச்சா பொக வாசன அடிக்கணும், அதான் ஒசத்தி. உங்க வூட்டுப் பழக்கத்துல குவாட்டர் வாங்கிக்கினு வந்து நிக்காத." எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நேராக நூலகத்துக்குப் போனேன்.

அங்கே படித்ததைச் சொல்கிறேன். சில ஸ்காட்ச் வகைகளுக்கு பார்லியைக் காயவைக்க பீட் என்ற கரியை எரிக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் செடிகொடி மக்கி உண்டாவது அது. பல லட்சம் வருடம் மண்ணுக்குள் கிடந்தால் நம் பழுப்பு நிலக்கரி மாதிரி ஆகிவிடுமாம். ஆக, அது நம் கரிக்குத் தம்பி. அயர்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் புகை படாமல் காயவைத்து, மூன்று முறை காய்ச்சி வடிக்கிறார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன். ஐரிஷ்தான் வாங்குவேன். முதல் கிளாஸ் கோபாலன் சாருக்கு இல்லை, அப்பாவுக்கு.

வடலூர் தாண்டும்போது அப்பா ஆரம்பித்தார். "குடிக்கறதுக்கு இம்மாந் தூரமாடா? நம்ம வூட்டாண்டயே கடை கீது."

"அங்க என்ன வேணும்னு எப்பனா கேட்டிருக்கானாப்பா?"

"கைய நீட்னா குடுக்கறான். வேற இன்னா கேக்கணும்?"

அதற்காகத்தான் இந்தப் பயணமே. கம்பிக்குள் கையை விட்டுக் காசைக் கொடுத்தால் எது வருகிறதோ அதுதான் எங்கள் பிராண்ட். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் எதையும் 'இது வேண்டும், அது வேண்டாம்' என்று சொல்லி வாங்கியதில்லை.

குறிஞ்சிப்பாடி, கடலூர், அங்கே வண்டி மாறிப் புதுச்சேரி. சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் செக்போஸ்டில் வம்பு. ஆகவே உட்கார்ந்து குடித்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

பதினொன்றேகால். நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பார். சர்வர் அப்பாவின் ரப்பர் செருப்பைப் பார்த்தார். "நான்-ஏசி பின்னாடி இருக்குதுங்க."

அப்பா உடனே பின்பக்கம் திரும்பினார். நான் அவர் கையைப் பிடித்தேன். "ஏசியிலயே உக்காறோம். ஜன்னல் ஓரம்."

"அங்க ரேட் வேறங்க."

"நான் ரேட் கேக்கலையே."

உட்கார்ந்தோம். அப்பா நாற்காலி நுனியில், பஸ் வந்தால் எழுந்து ஓடுகிறவர் மாதிரி. ஐரிஷில் மூன்று இருந்தன. மூன்று பாட்டிலையும் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னேன். சர்வர் முகம் சுளித்தாலும் கொண்டுவந்தார். வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பாட்டில் அழகைப் பார்க்காதீர்கள், லேபிளைப் படியுங்கள். ஐரிஷிலும் பீட் புகை போட்டது உண்டு. அங்கே இருந்ததில் விலை கூடிய பாட்டில் அதுதான். தள்ளிவைத்தேன். நடு விலையில் இருந்ததை எடுத்தேன், முப்பது மில்லி நூற்று அறுபது ரூபாய். கூடவே கோபாலன் சார் புகழ்ந்த மாதிரி ஸ்காட்சும் ஒரு பெக், முந்நூற்றுப் பத்து. தெரியாமல் வேண்டாம் என்று சொல்லக் கூடாது அல்லவா?

ஸ்காட்ச் கிளாஸை அப்பா மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார்.

"டேய், இது நம்ம யார்டு வாசனடா."

ஒரு வாய் குடித்துக் கீழே வைத்தார். "மழ பேஞ்சி ஓஞ்சதும் குவியல் பொகையும் பாரு, அப்பிடியே கீது. இத நான் இருவத்தாறு வருஷம் சும்மாவே குடிச்சிட்டேன்."

நான் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் தன் கிளாஸை உயர்த்தி, "பழகப் பழகப் பிடிக்கும் பெரியவரே" என்றார்.

"பழகிக்கினுதாங்க இருந்தேன்," என்றார் அப்பா. "புடிக்கல."

அடுத்து ஐரிஷ். சோடா வேண்டாம் என்றேன். முதலில் வெறுமனே ஒரு மிடறு, பிறகு நாலு சொட்டுத் தண்ணீர். எனக்கு வறுத்த தானியமும் கொஞ்சம் தேனும் தெரிந்தன. தொண்டையில் இறங்கியதே தெரியவில்லை. அப்பா சொல்லப்போவதற்காகக் காத்திருந்தேன். தேர்வு முடிவுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை.

அவர் கிளாஸைச் சுழற்றிப் பார்த்தார். "காட்டமே இல்லியே. ஏமாத்திட்டானா?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் இன்னொரு மிடறு குடித்தார். இந்த முறை கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். பிறகு தானே சர்வரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதுலயே இன்னொண்ணு. அது வேணாம், எடுத்துக்கினு பூடு."

மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வண்டியில் திரும்பினோம். புதுச்சேரியில் கடற்காற்று. வடலூரிலேயே எங்கள் புகைபோக்கிகள் தெரிந்தன. டவுன்ஷிப்பில் இறங்கியதும் அந்தப் புகை வாசனை. பிறந்ததிலிருந்து சுவாசித்தது. எங்கள் ஊர்க் காற்றுக்கென்று ஒரு வாசனை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நாளைக்குக் கோபாலன் சார் கேட்டா இன்னா சொல்லுவ?" என்றார் அப்பா.

"பார்ட்டி உண்டு சார், பாண்டில. ஐரிஷ்தான். எங்கப்பாவும் அதே மேசையிலதான் உக்காருவாரு, இஷ்டம்னா வாங்கன்னு சொல்லுவேன்."

"அவரு வர மாட்டார்டா."

"வரலன்னா அவரு பெக்கும் உனக்குத்தாம்பா."