பொறுக்கி அனுப்பிய கல்

எந்தக் கல் சீமெந்தோடு ஒத்துப்போகும், எது போகாது என்று சோதித்துச் சொல்வதுதான் என் தொழில். சில கல்லுக்குச் சீமெந்தில் உள்ள காரம் ஆகாது. ஈரமும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே வீங்கி, சில வருடம் கழித்துச் சுவரைப் பிளந்துவிடும். எங்கள் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இரத்தம் சோதிக்கக் கொடுத்துவிட்டு, முடிவுக்காகக் காத்து உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு அது தினசரி வேலை.

மலையே நிற்கிறதே

திம்புள்ள பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் லயத்து அறைகளில் இருப்பவர்களுக்குத் தனி வீடு கட்ட ஏற்பாடானது. பட்டியலில் என் அக்கா பெயரும் இருந்தது. ஒழுகும் கூரைக்குக் கீழே மூன்று பாத்திரம் வைத்துவிட்டுத் தூங்குகிறவள் அவள். அங்கே குவித்திருந்த கல்லை ஹட்டனில் உள்ள எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொன்னேன். நானே போய் அள்ளியிருக்க வேண்டும், அடைமழை, சோம்பல். மூட்டையை இறக்கிய, வீடு கட்டும் கொந்தராத்துக்காரரிடம், கல்லைப் பொடித்துச் சீமெந்தோடு கட்டையாக வார்த்து, சூடான காரநீரில் ஊறவைத்து, நீள்கிறதா என்று அளக்கப் பதினாறு நாள் ஆகும் என்றேன்.

"என்னங்க தம்பி, மலையே அசையாம நிக்கிது, அதுல ஒடைச்ச கல்லு நிக்காதா?"

கம்பளிக்குள் தொட்டி

ஒன்பதாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. காரநீரின் சூடு இறங்கினால் அத்தனை நாள் வேலையும் வீண். வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துவிட்டது. கூட வேலை செய்யும் ஜெயந்தி எங்கேயோ ஓடிப்போய், கொழுந்து பறிப்பவர்கள் மழைக்குப் போர்த்தும் கம்பளி இரண்டைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். அரை மணி நேரத்தில் கரண்ட் வந்தது. சூடு அப்படியே இருந்தது.

"அண்ணே, கல்லு சொகமா இருக்கு. நீங்கதான் நடுங்குறீங்க."

முத்தல் இலை

கட்டைகள் நீளவில்லை. கல் நல்ல கல். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே அக்காவிடம் போனேன். புதன்கிழமை அத்திவாரக் கொங்கிரீட் போட, கோயில் பூசாரி நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்: மூட்டையில் கல் அள்ளியது அவளும் லயத்துப் பெண்களும்தானாம். கண்ணாடி போல் மினுங்கும் கீற்று ஓடிய கல்லையெல்லாம் பார்த்துப் பார்த்து வீசிவிட்டார்களாம். நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். காரத்தில் வீங்கக்கூடியது அந்தக் கீற்றுதான். சுவருக்குள் போகப்போவது பொறுக்காத கல் அல்லவா? ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"கொழுந்த நிறுவைக்குக் கொண்டு போறப்ப முத்தல் இலைய பொறுக்கிப் போடாமப் போனா கங்காணி சும்மா விடுவாரா தம்பி?"

இன்னொரு பதினாறு நாள்

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கொந்தராத்துக்காரரைக் கூப்பிட்டு அறிக்கையைத் திருப்பி வாங்கினேன். நல்ல நேரம் கைவிட்டுப் போனது. தம்பியால் வேலை நின்றதென்று லயத்தில் பாதிப்பேர் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். மழையில் நனைந்தபடி குவியலின் எல்லாப் பக்கத்திலும் நானே அள்ளினேன். இந்த முறை கட்டைகள் வீங்கின. கடைசி நாளில் அளக்கும் கருவியின் முள் எல்லையைத் தாண்டிப் போய் நின்றது.

வேறு குவாரிக் கல் வர வேண்டும், அதையும் சோதிக்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லப் போனேன். மழை பிடித்திருந்தது. திட்டுவாள் என்று பயந்து வாசலிலேயே நின்று சொன்னேன். அவள் நிரம்பிய பாத்திரத்தை வெளியே ஊற்றிவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள்.

"இங்க ஒழுகுறது கண்ணுக்குத் தெரியுது, பாத்திரம் வச்சுக்கிறோம். அங்க சுவத்துக்குள்ள வீங்குறதுக்கு எதை வைக்கிறது? நீ போயி அடுத்த கல்ல பாரு தம்பி."

கல் மயிரிழை வீங்கினாலும் காட்டிக்கொடுக்கக் கருவி வைத்திருக்கிறோம். அந்தப் பதினாறு நாளில் அளக்கிறவன் எவ்வளவு மெலிகிறான் என்று பார்க்கத்தான் கூடத்தில் இன்னும் ஒரு கருவியும் வாங்கித் தரவில்லை.