ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது அடி

கோமளவல்லியின் வாயிலிருந்து 'மேல' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அலமாரித் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்கச் சொன்னால், "ஒசரக்க கீறத எடு" என்பாள். திருத்தணி மலைக் கோயிலுக்குப் போய் வருகிறவர்களைப் பார்த்து ஊரே "மேல போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்கும். அவள் மட்டும் "மலைக்கிப் போயிட்டு வந்தீங்களா?" என்பாள். அவள் சத்துணவு ஆயாவாக இருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்து ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள்.

"ஆயா, வானம் எங்க கீது?"

"ஒசரக்க."

"சாமி எங்க கீது?"

"மலையில."

"ஃபேனு எங்க சுத்துது?"

"நம்ப இஸ்கூல்ல ஏதுடா ஃபேனு? போய் தட்ட கழுவிட்டு வா."

அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஆயா என்று கூப்பிடும் வயதல்ல. ஆனாலும் மூன்று வருஷத்துக்கு முன்னால், எண்பத்திரண்டில், அந்த வேலை கிடைத்த நாள் முதல் சொந்தப் பெயர் மறைந்து ஆயா ஆகிவிட்டாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நடக்கும்போது அவள் உதடு அசையும். விசைத்தறி ஓட்டும் அவள் கணவன் ஆனந்தன், கல்யாணமான புதிதில் ஆர்.கே.பேட்டைச் சந்தையில் பின்னால் நடந்துகொண்டே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டான்.

"இன்னாடி, அடிய எண்ணிகினு வர்ற? எத்தினாவது நம்பரு ஓடுது?"

"சும்மா."

"சும்மாவா எட்டாயிரம் வரிக்கும் எண்ணுவாங்க?"

அவள் சிரித்து மழுப்பினாள். அந்த எட்டாயிரம் ஒன்று, இரண்டு என்று தொடங்கி வந்ததல்ல என்பதை அவனிடம் சொல்லவில்லை. அவளுடைய எண்ணிக்கை எப்போதும் ஆறாயிரத்து நானூற்றுப் பதிமூன்றில் தொடங்கும். பதினேழாயிரத்து அறுநூறு வரை போகும். அங்கே ஒரு கணம் நிற்கும். பிறகு யாரும் கேட்காமலே மறுபடியும் ஆறாயிரத்து நானூற்றுப் பதிமூன்று.

அது எல்லம்மாளின் கணக்கு.

அறுபத்தாறாம் வருஷம் இதே பள்ளிக்கூடத்தில்தான் அவளும் எல்லம்மாளும் ஐந்தாம் வகுப்பு படித்தார்கள். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் சேர்த்து ஒரே வாத்தியார், ராஜமாணிக்கம். இரண்டு வகுப்பை மேய்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். காலையில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லித் தருவார். மீதிப் பேருக்குப் பூகோளம். மதியம் புங்கமரத்தடியில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, அவரவர் கற்றதை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சோடியாக உட்காருகிறவளுக்குப் 'பங்காளி' என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். வீட்டில் பங்காளி என்றால் சண்டைக்காரன். இங்கே பாடத்தில் பாதியை வைத்திருக்கிறவள்.

எல்லம்மாள் கணக்குக்காரி. கோமளவல்லி பூகோளக்காரி.

எல்லம்மாளுக்கு அம்மா இல்லை. அப்பா பச்சையப்பன் புங்கனேரியில் பயிர் வைக்கிறவர். இரண்டாம் கல்யாணம் ஆனதும் மகளைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்திருந்த மூத்தவள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். "இனிமே அக்கா வூடுதான் உன் வூடு கண்ணு" என்று சொல்லிவிட்டு, தீபாவளிக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னார். தீபாவளி வந்தது. மழை வந்தது. அவர் வரவில்லை. எல்லம்மாள் இதைப் பற்றி அழுததில்லை. பெருக்கல் போட்டாள், வகுத்தல் போட்டாள்.

தீபாவளி கழிந்த ஒரு வியாழக்கிழமை மதியம், வாத்தியார் ஊர்க் கணக்கரான கர்ணத்திடம் கேட்டு வாங்கிவந்திருந்த தாலுகா வரைபடத்தைக் கோமளவல்லி தரையில் விரித்தாள்.

"பங்காளி, எங்க நைனா ஊரு இதுல கீதா?" என்றாள் எல்லம்மாள்.

தேடினாள். எறும்புத் தலை அளவுக்கு ஒரு புள்ளி. பக்கத்தில் பொடி எழுத்தில் புங்கனேரி. கோமளவல்லி வீட்டில் தறி. பாவாடை மடிப்பில் எப்போதும் ஒரு துண்டு நூல் இருக்கும். நூலைப் பள்ளிக்கூடத்திலிருந்து ரோட்டுக் கோட்டின் மேலேயே வளைத்து வளைத்துக் கொண்டுபோய்ப் புள்ளியில் நிறுத்தி, ஸ்கேலில் வைத்தாள்.

"ரெண்டர அங்குலம். ஒரு அங்குலத்துக்கு ரெண்டு மைலுன்னு அடியில போட்டுக்கீது."

"அப்ப அஞ்சு மைலு. இருபத்தாறாயிரத்து நானூறு அடி." சிலேட்டில் எழுதிவிட்டு எல்லம்மாள் நிமிர்ந்தாள். "ஆனா இது ஸ்கேலு அடி. நான் வெக்கிற அடி வேறல்ல?"

எழுந்து வராந்தாவில் பத்து அடி நடந்தாள். அளந்தார்கள். ஸ்கேலுக்குப் பதினைந்து அடி. ஓர் எட்டுக்கு ஒன்றரை. சிலேட்டுக் குச்சி கிறீச்சிட்டது.

"பதினேழாயிரத்து அறுநூறு. அவ்ளோதானா? நான் லட்சம் வரிக்கும் எண்ணுவனே!"

ஐந்து மைல் என்றால் பெரியவர்கள் போகிற தூரம். பதினேழாயிரத்து அறுநூறு என்றால் அது அவள் சிலேட்டில் இருக்கிற எண்.

"கூட்டுரோட்டாண்ட ரெண்டா பிரியுமே, அங்க எப்டி போறது?" என்றாள், எண்ணின் கீழே இரட்டைக் கோடு போட்டுக்கொண்டே.

கோமளவல்லிக்குப் படம் படிக்கத் தெரிந்த பெருமை. காலையில்தான் வாத்தியார் சொல்லியிருந்தார்: படத்தில் மேலே இருப்பது வடக்கு. விரலைத் தாளின் உச்சியைப் பார்த்து இழுத்தபடி சொன்னாள்: "மேல போற ரோட்ட புடி."

எல்லம்மாள் கண் சிலேட்டில் இருந்தது. விரலைப் பார்க்கவில்லை. சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மதியம் வாத்தியாருக்குக் கூட்டம். பள்ளி பாதியில் விட்டது. எல்லம்மாள் சிலேட்டைக் கோமளவல்லியிடம் கொடுத்து, "திங்கக்கெழம வாங்கிக்கிறேன்" என்றாள். வாசலைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு. மூணு."

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அக்கா வீட்டில், நைனா வந்து கூட்டிப்போயிருப்பார் என்று நினைத்திருந்தார்கள். நைனாவுக்கு ஒன்றும் தெரியாது. வாத்தியார் ஒவ்வொருவரிடமும் கேட்டார். "உன் பங்காளி உங்கிட்ட எதுனா சொன்னாளா?" கோமளவல்லி எழுந்து நின்று, "தெரியாது சார்" என்றாள். தெரியாது என்பது பாதி நிஜம்தான். புங்கனேரிக்குப் போகிறவள் புங்கனேரியில் ஏன் இல்லை என்று அவளுக்கும் புரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆடு மேய்க்கிற கஜபதி சொன்னது தெருவுக்கு வந்தது. கோமளவல்லியின் அப்பா பரந்தாமன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அவங்க ஊரு வடக்காலல்ல கீது? பொண்ணு எங்க போச்சாம்?"

"மேக்கால போயிருக்குங்க" என்றார் சேதி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர். "கூட்டுரோட்ல இருந்து கல்குவாரிக்கிப் போவுதே, அந்த மேல ரோட்டுல."

மேல ரோடு.

நூல்கண்டைப் பிடித்திருந்த கோமளவல்லியின் கை அப்படியே நின்றது. ஊரில் மேல வெளி, மேல தெரு என்றால் மேற்கு. பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்த ஒரு வியாழக்கிழமை மதியம் மட்டும் மறந்துபோயிருந்தது.

கஜபதி போலீஸிடமும் சொன்னார், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். "பொழுது சாயுது, எங்கம்மா போறன்னேன். கைய இப்டி காட்டுச்சு, பேசாதன்னு. நின்னாகூட நம்பரு வுட்டுடும்னு பயம் போல. ஆறாயிரத்து நானூத்தி பன்னெண்டுன்னுச்சு. அப்டியே போயிடுச்சு."

கிணறுகளில் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். குவாரிப் பள்ளத்து மழைத்தண்ணீரில் ஆள் இறக்கிப் பார்த்தார்கள். காட்டுப் புதர்களை அடித்துப் பார்த்தார்கள். எல்லம்மாள் கிடைக்கவில்லை. உயிரோடும் இல்லை, உடம்பாகவும் இல்லை.

பச்சையப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாத்தியார் மேஜை முன்னால் நின்றார். நின்ற இடத்துக்கும் கோமளவல்லி உட்கார்ந்திருந்த மணைக்கும் இரண்டெட்டுத் தூரம்.

"எங்க ஊரு பக்கம் ஒரு அடி வெக்கல சார்" என்றார். "வடக்கால திரும்பினா நான் கீறேன். அது தெரியும் அதுக்கு. நைனா வோணாம்னுதான் மேக்கால திரும்பிடுச்சு. நான் வுட்டுட்டுப் போனனில்ல, அதுக்கு இது."

இல்லை என்று சொல்ல ஒரே ஆள்தான் அந்த அறையில் இருந்தாள். அவள் மணையின் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் படத்தைச் சுருட்டிக் கர்ணத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பங்காளிப் பாடமும் அதோடு நின்றது. அன்று மாலை வீட்டுக்கு நடக்கையில் முதல் எட்டிலேயே அவள் காதுக்குள் அந்தக் குரல் கேட்டது. ஆறாயிரத்து நானூற்றுப் பதிமூன்று.

பிறகு அவள் வாழ்க்கை மற்றவர்களுடையதைப் போலவே போனது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது, தறிக்குத் தார் சுற்றினாள், கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள். ஆனந்தன் வேலைக்காகத் திருத்தணிக்கே திரும்பி வந்தார்கள். இருக்கிற எத்தனையோ பள்ளிகளில் இந்தப் பள்ளியிலேயே அவளுக்கு வேலை போட்டார்கள்.

வருஷம் தவறாமல் ஆடிக் கிருத்திகைக்குப் பச்சையப்பன் காவடி எடுத்து வருவார். மறுநாள் ஊருக்குத் திரும்பும்போது பள்ளி வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். அந்த நேரத்தில் கோமளவல்லிக்கு அடுப்பு வேலை அதிகமாகிவிடும். புகையோடு புகையாக உள்ளேயே இருப்பாள். மூன்று வருஷம் அப்படிப் போனது.

எண்பத்தைந்தில் சுலோச்சனா டீச்சர் மாற்றலாகி வந்தார். "நீங்க கத்துக்கிட்டத பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லிக்குடுங்க, அப்பதான் மனசுல நிக்கும்" என்று பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வராந்தாவில் உட்காரவைத்தார். சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த கோமளவல்லி அதை அங்கேயே இறக்கிவைத்தாள். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குப் பங்காளி என்ற சொல்கூடத் தெரியாது.

அந்த வருஷமும் கிருத்திகைக்கு மறுநாள் பச்சையப்பன் வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வயதாகிவிட்டது; வாசலில் நிற்க முடியாமல் உள்ளே வந்து வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கோமளவல்லிதான் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். கொடுத்தாள். பக்கத்தில் மனோரமா என்ற சிறுமி படத்தை விரித்து வரலட்சுமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேல வடக்கு. கீழ தெக்கு."

பச்சையப்பன் சொம்பை இறக்கிவிட்டுச் சிரித்தார். "யாரு பாப்பா இப்டி தப்பா சொல்லிக்குடுத்தது? மேலன்னா மேக்கு. கீழன்னா கெழக்கு."

"ஐய, அது ஊருக்கு தாத்தா. இது படத்துக்கு. படத்துல மேலன்னா வடக்குதான்."

"அதின்னாம்மா அது, ஊருக்கு ஒரு மேல, காயிதத்துக்கு ஒரு மேல?" என்றபடி அவர் மறுபடி சொம்பை எடுத்தார்.

இனி அவர் குடித்துவிட்டு எழுந்துபோவார். அடுத்த வருஷம் வருவாரோ மாட்டாரோ. கோமளவல்லி முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"நைனா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரை அப்படிக் கூப்பிட யாரும் இல்லை.

"நான்தான் நைனா எல்லம்மாவுக்கு வழி சொன்னேன். கூட்டுரோட்டாண்ட மேல போற ரோட்ட புடின்னு. நான் படத்தப் பாத்து சொன்னேன். அவ ஊரப் பாத்து கேட்டுக்கினா."

"ஏய், ஆயா 'மேல'ன்னு சொல்ட்டாங்கடி!" என்று வரலட்சுமி கைதட்டினாள். மனோரமா அவள் வாயைப் பொத்தினாள்.

பச்சையப்பன் கையில் சொம்பு சாய்ந்தது. சொம்பிலிருந்து தண்ணீர் அவர் வேட்டியில் வடிந்துகொண்டிருந்தது.

"அப்ப எங்கிட்டதான் வந்துகினு இருந்துச்சா?"

"ஆங்."

"நெசமா?"

"உங்க ஊருக்குப் பதினேழாயிரத்து அறுநூறு அடின்னு கணக்கு போட்டு வெச்சிருந்தா. நான்தான் நூல் வெச்சி அளந்தேன்."

"அன்னிக்கி நான் இங்கதான நின்னேன்? வாயில்லியா உனக்கு?"

"பத்து வயசு நைனா."

"செரி, பத்து வயசு. பதினொண்ணு வந்துச்சில்ல? பன்னெண்டு வந்துச்சில்ல? இருவது வந்துச்சில்ல?"

அவர் கை ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு சிறுமிகள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, பதினேழாயிரத்து அறுநூறுல ஆறாயிரத்து நானூத்தி பன்னெண்டு போனா மிச்சம் எத்தினி?"

வரலட்சுமி சிலேட்டில் போட்டாள். விரல் விட்டுச் சரிபார்த்தாள். "பதினோராயிரத்து நூத்தி எம்பத்தெட்டு தாத்தா."

"அவ்ளோதானா?" என்றார்.

கோமளவல்லி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அது அவருடைய குரல்தான். கேள்வி மட்டும் எல்லம்மாளுடையது.

அவர் எழுந்து, தூணைப் பிடித்து நிதானித்து, வாசலைத் தாண்டினார். இடது காலை எடுத்து வைத்து, மண் அதிரப் பதித்து, "ஆறாயிரத்து நானூத்தி பதிமூணு" என்றார். வடக்கே பார்த்து நடந்தார். புங்கனேரிக்கு பஸ் விட்டுப் பத்து வருஷமாகிறது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டியும் அவர் நடப்பதைச் சிறுமிகள் எக்கி நின்று பார்த்தார்கள். எதிரில் வந்த யாரோ நிறுத்திப் பேசப் பார்த்தார்கள் போலிருக்கிறது. கிழவர் கையை உயர்த்தினார், பேசாதே என்று.

நாலு மணிக்கு மணி அடித்தது. அண்டாவைக் கவிழ்த்துவிட்டுக் கோமளவல்லி வீட்டுக்குக் கிளம்பினாள். முதல் எட்டு வைத்தாள். எண் வரவில்லை. இன்னோர் எட்டு. வரவில்லை. எண்ணிக்கை அவரோடு போய்விட்டது. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாகத் தன் காலடிச் சத்தத்தை அவள் தனியாகக் கேட்டாள். கொஞ்ச தூரம் போனதும், அது ஒரே ஒரு ஆள் நடக்கிற சத்தம்தானா என்று சந்தேகம் வந்து நின்றாள்.

சத்தம் உடனே நிற்கவில்லை.